தனி வேடனும் முதுமையும்: மான் வேட்டை குறித்த ஒரு சமூக இலக்கிய நோக்கு

1. வயது செல்லாத வேடன்

அரசியற் பொருளாதார ஆய்வுக்கென 1857 ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையிலே கார்ல் மார்க்ஸ் ஒரு வேடனைக் குறிப்பிடுகின்றார். அடம் ஸ்மித், டேவிட் றிக்காடோ ஆகிய பொருளியலாளர் தம் விளக்கங்களைத் தனித்து நிற்கும் வேடனிலிருந்தும் மீனவனிலிருந்தும் தொடங்கினர். சமூகம் தோன்றுவதற்கு முன்னிருந்த இயல்பான மனிதன் இவனே என்பது அவர்களது எண்ணம். மார்க்ஸ் இதனை ஏற்றாரல்லர். அவர் நோக்கில் இத்தனியன் பதினெட்டாம் நூற்றாண்டுச் சந்தைச் சமூகத்தின் விளைபொருள். அச்சமூகம் தன் உருவத்தையே பின்னோக்கி எறிந்து, அதனை ஆதிமனிதன் எனக் கண்டு மகிழ்ந்தது. 1719 இல் டானியல் டீபோ படைத்த றொபின்சன் குறூசோவின் குடும்பத்தைச் சேர்ந்தவன் அவ்வேடன்.

இவ்வாதம் எம்மிடையே நன்கு அறியப்பட்டதே. ஆயினும் அதில் அடங்கியுள்ள ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. பொருளியலாளரின் தனி வேடனுக்கு வயது செல்வதில்லை. அவன் என்றும் திடகாத்திரமானவன், நோயறியாதவன், பிறந்த நாளும் இறக்கும் நாளும் அவனுக்கில்லை. அவனுக்கு எழுபது வயதானால் என்ன நேரும்? முழங்கால் தளர்ந்து கண் மங்கிய பின்னர் அவன் எதனை உண்பான்? வீழ்த்திய மானைக் காட்டினின்றும் யார் சுமந்து வருவர்? இவ்வினாக்களை எழுப்பியதுமே தனியன் என்னும் கருத்துருவம் ஆட்டங்காண்கிறது.

இக்கட்டுரையில் இவ்வினாக்களை மான் வேட்டையை முன்வைத்து நோக்குவோம். இதற்குக் காரணம் உண்டு. தனி வேடன் இன்று வெறுங் கற்பனையல்லன். ஐக்கிய அமெரிக்காவின் வடபுல மாநிலங்களிலே ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில், விடியுமுன் எழுந்து, துவக்கைத் தோளிற் கொண்டு, துணையின்றிக் காட்டுக்குட் செல்லும் முதியோர் பலர் உளர். பொருளியலாளரின் கற்பனை எவ்வாறு உண்மை மனிதனாயிற்று என்பதும், அம்மனிதன் முதுமையடையும்போது அவன் தனிமைக்கு என்ன நேர்கிறது என்பதும் எமது ஆய்வுப் பொருளாகும்.

2. கூட்டு வேட்டையும் பகிர்வும்

முதற்கண், வேட்டையையே வாழ்க்கை ஆதாரமாகக் கொண்ட சமூகங்கள் மானை எவ்வாறு வேட்டையாடின என்பதைக் காண்போம். 1615 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான சாமுவேல் டி சம்பிளேன் வட அமெரிக்காவின் கியூறன் மக்களுடன் ஒரு வேட்டையிற் கலந்துகொண்டார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகள் அவ்வேட்டையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. மரக்கொம்புகளை நட்டு, இரு புறமும் விரிந்து முனையில் ஒடுங்கும் நீண்ட வேலி அமைக்கப்பட்டது. ஆடவர் வரிசையாக நின்று ஓசையெழுப்பி மான்களை அவ்வொடுக்கத்தை நோக்கிக் கலைத்தனர். சில வாரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட மான்கள் வீழ்ந்தன. இவ்வேட்டையில் விரைந்தோடுபவனுக்கு ஒரு பணி இருந்தது. ஓடவியலாதவனுக்கும் வேலி கட்டுதல், காவல் நிற்றல், இறைச்சி வாட்டுதல் எனப் பணிகள் இருந்தன.

கூட்டமாக வேட்டையாடாத மக்களிடையேயும் வேட்டை தனியாள் விவகாரமாய் இருந்ததில்லை. கலகாரிப் பாலைநிலத்து சான் மக்களைப் பற்றி றிச்சட் லீ 1979 இல் வெளியிட்ட நூல் ஒரு வழக்கத்தை விரிவாக விளக்குகின்றது. அம்மக்களிடையே விலங்கை வீழ்த்தியவன் அதன் உரிமையாளனாகான். முதலிற் றைத்த அம்பு யாருடையதோ அவரே இறைச்சியைப் பகிரும் உரிமையுடையவர். அம்புகளோ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஓயாது கைமாறுவன. காட்டுக்குச் செல்ல முடியாத முதியவரின் அம்பு இளைஞன் ஒருவனின் வில்லிலிருந்து புறப்படலாம். அவ்வாறாயின் முதியவர் தம் குடிசையில் அமர்ந்தவாறே வேட்டையின் பங்காளியாகின்றார். இதனைத் தனிமனிதரின் தாராள மனப்பான்மையாகக் கொள்ளுதல் தவறு. உற்பத்திக் கருவி கைமாறும் முறையிலேயே முதியோரின் உரிமை பொதிந்துள்ளது.

முதியோர் பயனற்றவர் என்ற முடிவுக்கும் நாம் விரைந்து வந்துவிடலாகாது. உலகின் 40 இடங்களைச் சேர்ந்த 1,800 க்கு மேற்பட்ட வேட்டுவரின் பதிவுகளை ஆராய்ந்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, வேட்டைத் திறன் பொதுவாக 30 முதல் 35 வயதளவில் உச்சமடைகின்றது என்றும், அதன் பின்னர் மிக மெதுவாகவே குறைகின்றது என்றும் காட்டியது. தசையின் வலு குன்றும் வேளையில் அடிச்சுவடு, காற்று, விலங்கின் இயல்பு ஆகியன பற்றிய அறிவு அவ்விழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றது. வேட்டை உடலுழைப்பாகும் அளவுக்கு அறிவுழைப்பும் ஆகும். முதுமை இவ்விரண்டையும் வெவ்வேறு வேகத்திற் றாக்குகின்றது.

எமது பழைய இலக்கியத்திலும் தனி வேடனைக் காண்கிறோம். கண்டீரக் கோப்பெருநள்ளியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் (150) இதற்குச் சிறந்த சான்றாகும். பசியால் வாடிய பாணர் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கின்றனர். மான்கூட்டத்தை வீழ்த்திய குருதி அவன் கழலணிந்த காலிற் படிந்துள்ளது. அவன் தானே தீக்கடைந்து ஊன் சுட்டு அவர்களுக்கு அளிக்கின்றான். பின்னர் அணிகலன்களையும் வழங்குகின்றான். தன் பெயரையோ நாட்டையோ கூறாது செல்கின்றான். வீரயுகத் தலைவன் ஒருவனின் தனித்த பெருமை பேசும் பாடலாகவே இது வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் பாடலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. காட்டிற் பிரிந்து சென்ற அவனுடைய இளைஞர் வந்து சேர்வதற்கு முன்னரே அவன் விரைந்து உணவளித்தான் என்கிறது அது. ஆகவே, அவன் தனித்திருந்தது சிறு பொழுதே. அவன் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. அவன் முன்னால் உண்பதற்கு ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது.

3. தோலும் கடனும்

கூட்டு வேட்டையிலிருந்து தனி வேடன் எவ்வாறு தோன்றினான்? மனிதர் திடீரெனத் தனிமையை விரும்பத் தொடங்கியதனால் அன்று. மான் பண்டமாக மாறியதனாலேயே. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து மான்தோல் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. சார்ள்ஸ்ரன் துறைமுகம் இவ்வணிகத்தின் முதன்மை வாயில்களுள் ஒன்றாக விளங்கிற்று. கிறீக், செரோக்கி முதலிய மக்கள் துவக்கு, வெடிமருந்து, துணி, மதுசாரம் ஆகியவற்றைக் கடனாகப் பெற்று, தோலால் அக்கடனைத் தீர்க்க முயன்றனர். இறைச்சியைப் பகிரலாம், கடனைப் பகிர்தல் எளிதன்று. வணிகனின் பேரேட்டில் ஒவ்வொரு வேடனின் கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டது. வேலி கட்டிக் கலைத்த கூட்டு வேட்டையின் இடத்தைத் துவக்கேந்திய கடனாளி பெற்றான்.

முடிவு யாவருமறிந்ததே. மான்கள் அருகின, கடன் பெருகிற்று. 1773 இல் இவ்விரு மக்களும் வணிகரிடம் பட்ட கடனுக்கு ஈடாக ஜோர்ஜியாவில் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வேட்டை விலங்கு பண்டமாயிற்று; பண்டம் கடனாயிற்று; கடன் நிலத்தை விழுங்கிற்று. மார்க்ஸ் சுட்டிய தனி வேடன் இங்குதான் எலும்பும் தசையும் பெற்று நிற்கின்றான்.

4. முதிய வேடனும் சட்டமும்

இங்கிலாந்தில் மான் நெடுங்காலமாகவே வர்க்கப் போராட்டத்தின் ஒரு களமாக இருந்தது. அரச காடுகளிலும் பிரபுக்களின் பூங்காக்களிலும் முகத்திற் கரிபூசி மான் வேட்டையாடுவோருக்கு மரண தண்டனை விதித்த சட்டம் 1723 இல் நிறைவேற்றப்பட்டது. அதன் சமூகப் பின்னணியை ஈ. பி. தொம்சன் 1975 இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். பொதுநில உரிமைகளை இழந்துகொண்டிருந்த குடியானவர் மீது புதிய சொத்துடைமை வர்க்கம் தொடுத்த தாக்குதலாகவே அச்சட்டத்தை அவர் விளக்கினார். சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்படுவதற்கு 1823 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1823 இல் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பரின் 'முன்னோடிகள்' என்ற நாவல் அமெரிக்காவில் வெளிவந்தது. முதிய தனி வேடனை நவீன இலக்கியத்தில் நிலைநிறுத்திய நூல் இது. நற்றி பம்போ எழுபதை அண்மித்த வேடன். நியூயோர்க் மாநிலக் காட்டோரத்திலே, எவருக்கும் முந்தி வந்து குடியேறியவன். அவன் வேட்டையாடிய நிலம் இப்பொழுது நீதவான் டெம்பிளின் சொத்து. நாவலின் தொடக்கமே வீழ்ந்த மான் யாருடையது என்ற வழக்காடலாக அமைந்துள்ளமை தற்செயலன்று. பின்னர் வேட்டை தடைசெய்யப்பட்ட பருவத்தில் நற்றி ஏரியில் ஒரு மானைக் கொல்கின்றான். வீட்டைச் சோதனையிட வந்தோரை எதிர்க்கின்றான். நீதவானின் மகளைக் கொடிய விலங்கிடமிருந்து காத்த அதே முதியவன், அந்நீதவானின் மன்றிலேயே தண்டனை பெறுகின்றான். தொழுமரம், நூறு டொலர் அபராதம், ஒரு மாதச் சிறை என்பன அவனுக்கு விதிக்கப்படுகின்றன.

கூப்பரின் அரசியல் முற்போக்கானது எனக் கூறவியலாது. அவர் நிலவுடைமை வர்க்கத்தைச் சேர்ந்தவர். நாவலின் இறுதியில் சொத்துரிமையே வெல்கின்றது. ஆயினும் யதார்த்தத்தின் முரண்பாடு அவரது கைக்குள் அடங்கவில்லை. இதே நாவலிற் குடியேறிகள் புறாக் கூட்டத்தின்மீது பீரங்கி கொண்டு சுடுகின்றனர். ஏரியில் உண்ணவியலாத அளவுக்கு மீனை வலைவீசி அள்ளுகின்றனர். இவற்றுக்குத் தண்டனை இல்லை. தேவைக்கு ஒரு மானைக் கொன்ற முதியவனுக்கே தண்டனை. இயற்கையைக் காப்பதாகக் கூறும் சட்டம், இயற்கையோடு ஒழுகியவனை முதலில் வெளியேற்றுகின்றது. கூப்பர் வருணித்த புறா இனத்தின் இறுதிப் பறவை 1914 இல் சின்சினாற்றி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தமையை இங்கு நினைவுகூரலாம்.

நற்றியின் முதுமையைக் கூப்பர் 1827 இல் வெளியான 'புல்வெளி' நாவலிற் றொடர்ந்தார். அங்கே அவன் எண்பதைக் கடந்தவன். கண்ணும் கையும் துவக்குக்கு ஒத்துழையாமையாற் பொறிவைத்து விலங்கு பிடிப்பவனாகிவிட்டான். வேடன் என்ற பெயரையும் இழந்து, பொறிவைப்போன் என்றே அழைக்கப்படுகின்றான். தொழிலிற் கீழிறங்கிய முதிய கைவினைஞனின் நிலை இது. வாழ்நாள் முழுவதும் தனிமையை நாடியவன், இறுதியிற் பவுணி மக்களிடையே, இருவர் இரு புறமும் தாங்கி நிற்க உயிர் நீக்கின்றான். தனியனின் காவியத்தை எழுதப் புகுந்த கூப்பராலும் அவனைத் தனியே சாகவிட முடியவில்லை.

5. கூடாரத்திற் படுத்திருக்கும் கிழவர்

கூப்பருக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின், 1942 இல், வில்லியம் போக்னர் மிசிசிப்பி மாநிலத்தைக் களமாகக் கொண்டு 'மோசே, நீ போ' என்னும் நூலை வெளியிட்டார். அதன் மையப் பாத்திரமான ஐசக் மக்கஸ்லினைச் சிறுவனாகவும் கிழவராகவும் காண்கிறோம். சிக்கசோ இனத் தலைவன் ஒருவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த சாம் பாதர்ஸ் என்பவரே அவருக்கு வேட்டை கற்பித்த ஆசான். பன்னிரண்டு வயதில் முதல் மானை வீழ்த்தியபோது சாம் அதன் குருதியை அவர் முகத்திற் பூசுகின்றார். தனித்துக் காட்டினுட் செல்லக் கற்பிப்பவர் ஒருவர் தேவைப்படுகின்றார் என்பது கவனிக்கத்தக்கது. தனிமையும் மரபாகக் கையளிக்கப்படுவதே.

பதினாறு வயதில் ஐசக் குடும்பத் தோட்டத்தின் பழைய கணக்கேடுகளைப் படிக்கின்றார். அடிமைகளைக் கொள்வனவு செய்த விபரங்களினூடே தன் பாட்டனார் அடிமைப் பெண்களுக்கும், அவர்களுக்குத் தமக்கே பிறந்த மகளுக்கும் இழைத்த கொடுமையை அறிகின்றார். இருபத்தொரு வயதில் அந்நிலம் தமக்கு வேண்டாமெனத் துறந்து, தச்சுத் தொழிலால் வாழ்கின்றார். துறவின் தூய்மையை நாம் மதிக்கலாம். ஆனால் அத்துறவால் நிலம் உழுதவனுக்குச் சேரவில்லை; உறவினனின் கைக்கே சென்றது. சொத்துறவைத் தனிமனித மனச்சாட்சியால் மாற்றவியலாது என்பதைப் போக்னர் கோட்பாடாகக் கூறவில்லை. கதையின் போக்கிலேயே காட்டிவிடுகின்றார்.

'கழிமுக இலையுதிர்காலம்' என்ற பகுதியில் ஐசக் எண்பதை அண்மித்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். முன்னர் முப்பது மைல் வண்டியிற் சென்று அடைந்த காடு இப்பொழுது இருநூறு மைல் மோட்டார்ப் பயணத் தொலைவுக்குப் பின்வாங்கிவிட்டது. காடிருந்த இடமெங்கும் பருத்தி. காடும் அவரும் ஒரே வேகத்திற் குறைகின்றனர் என்பதே அவர் எண்ணம். இளையோர் வேட்டைக்குச் செல்ல, அவர் கூடாரத்திற் படுத்திருக்கின்றார். அவ்வேளை ஒரு பெண் கைக்குழந்தையுடன் வருகின்றாள். குழந்தையின் தந்தை அவரது உறவினனான றொத். பெண்ணோ அக்குடும்பத்தின் பழைய அடிமை வழியில் வந்தவள். பாட்டனின் குற்றம் மீண்டும் நிகழ்ந்துவிட்டது. ஐசக் அவளிடம் பணத்தையும் ஒரு பழைய வேட்டைக் கொம்பையும் கொடுத்து, உன் இனத்தவன் ஒருவனை மணந்துகொள் என்று அனுப்பிவிடுகின்றார். அவள் சென்றபின் ஒரு மான் கொல்லப்பட்ட செய்தி வருகின்றது. அது பிணைமான் என்பதைக் கிழவர் உணர்ந்துகொள்கின்றார்.

காட்டுக்குத் தனியே செல்லக் கற்றவர், மனிதரோடு சேர்ந்து நிற்கக் கற்கவில்லை. அவரது முதுமையின் துயரம் கால் தளர்ந்தமையில் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் தாம் துறந்ததாக எண்ணிய உறவுகள் தம்மைக் கூடாரத்துக்கே தேடி வந்தபோது, அவற்றை எதிர்கொள்ள அவரிடம் ஒரு வேட்டைக் கொம்பைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

6. சமகாலத் தனி வேடனின் உழைப்பு

இனி, எமது காலத்து உண்மை வேடனை நோக்குவோம். 1900 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சில இலட்சமாகக் குறைந்திருந்தன. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலங்களுக்கிடையே விற்பதை அவ்வாண்டுச் சட்டமொன்று தடைசெய்தது. 1937 இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் வேட்டைத் துவக்குகளுக்கும் வெடிபொருட்களுக்கும் அறவிடும் 11 வீத வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிற்று. ஓநாய்களின் அழிவு, கைவிடப்பட்ட வயல்கள் மீண்டும் காடானமை, பரந்த சோளச் செய்கை ஆகியனவும் துணைநின்றன. இன்று மான்களின் தொகை மூன்று கோடியளவினது என மதிக்கப்படுகின்றது. ஆகவே, முதிய வேடன் காணும் மான் ஆதிக்காட்டின் எச்சமன்று. அரசின் சட்டமும் வேளாண்மையும் உருவாக்கிய மான் அது.

நிலத்தின் கதை வேறு. மான் எவருடைய தனிச்சொத்துமன்று. அது நிற்கும் நிலம் தனிச்சொத்து. ரெக்சஸ் மாநிலத்தில் நிலத்தின் 90 வீதத்துக்கும் மேற்பட்டது தனியார் உடைமை. அங்கு வேட்டையுரிமை ஏக்கர்க் கணக்கில் ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றது. பணமுள்ளவன் குத்தகை எடுக்கின்றான். ஓய்வூதியத்தில் வாழ்பவன் பொதுநிலத்தை நாடுகின்றான். பொதுநிலத்தில் வீதியோரம் நெரிசல் மிக்கது; தனிமை வேண்டின் உட்காட்டுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். இவ்வாறு தனிமையே வர்க்க வேறுபாட்டுக்கு உட்பட்ட ஒன்றாகிவிடுகின்றது.

தனித்து வேட்டையாடும் முறைகள் இரண்டு. காற்றுக்கு எதிர்முகமாக அடிமேல் அடிவைத்து நடந்து மானைத் தேடுதல் ஒன்று. மான் நடமாடும் தடத்தருகே பரணில் அல்லது நிலத்தில் அசையாது காத்திருத்தல் மற்றொன்று. முதலாவதற்கு முழங்காலும் கூர்ந்த செவியும் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையும் குளிரைத் தாங்கும் உடலும் வேண்டும். வயது ஏறும்போது வேடன் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாறுகின்றான். மான் பெரிதும் நடமாடுவது விடியற்பொழுதிலும் அந்திப்பொழுதிலும். முதிய கண் மிகவும் தடுமாறுவதும் அவ்விரு பொழுதுகளிலேயே. சருகின் மெல்லிய ஓசை முதிய செவியை எட்டுவதில்லை. பரணிலிருந்து தவறி வீழ்தல் அந்நாட்டு வேட்டுவர் காயமடைவதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வீழ்ந்தவன் தனியனாயின் சிறு முறிவும் உயிராபத்தாகும். ஆகவே பரணும் ஒருநாள் கைவிடப்படுகின்றது. மரத்தடியில் ஒரு சிறு இருக்கை எஞ்சுகின்றது.

உண்மையான உழைப்பு வெடி தீர்ந்த பின்னரே தொடங்குகின்றது. அடிபட்ட மான் ஓடும். அரைமணி நேரமளவு காத்திருந்து, குருதித் தடத்தைப் பின்பற்றி அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். இறைச்சி பழுதாகாமல் உடனே குடலகற்ற வேண்டும். அதன் பின்னரும் வளர்ந்த ஆண்மான் ஐம்பது கிலோகிராமுக்கு மேல் நிறையுடையதாக இருக்கலாம். மேடு பள்ளத்தினூடே, பனியில், அதனை இழுத்துவர வேண்டும். நாட்கணக்கில் அசையாதிருந்த முதிய இதயத்துக்கு இத்திடீர் உழைப்பு எத்துணை ஆபத்தானது என்பதை மருத்துவர் வேட்டைப் பருவந்தோறும் எச்சரிக்கின்றனர். எனவே தனித்துச் செல்லும் முதியவன் விசையை இழுக்குமுன் வேறொரு கணக்குப் போடுகின்றான். நீரோடைக்கு அப்பால் நிற்கும் பெரிய ஆண்மானை விட்டுவிடுகின்றான். பாதையருகே வரும் சிறு பிணைமானை ஏற்கின்றான். மாலை மங்கியபின் சுடுவதில்லை. மானை அங்கேயே துண்டமாக்கிச் சில நடையிற் சுமக்கின்றான், அல்லது சிறு தள்ளுவண்டி கொண்டு செல்கின்றான். செல்லுமிடத்தை வீட்டில் எழுதிவைத்துச் செல்கின்றான். சட்டைப்பையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கும்.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குவோர், தனி வேடனைச் சுற்றி எத்துணை மனிதர் நிற்கின்றனர் என்பதைக் காண்பர். பாதையை அமைத்தவர், தொலைபேசியை இயக்குபவர், மானைப் பெருக்கிய சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர், இரவு எட்டு மணிக்கும் திரும்பாவிடில் அயலவரை அழைக்கும் மனைவி, அவனை இளமையில் அழைத்துச் சென்று காற்றறியக் கற்பித்த தந்தை ஆகியோர் அவர்கள். இளமையில் இவர்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை. உடல்வலிமை அவர்களை மறைத்துவிடுகின்றது. முதுமை அத்திரையை விலக்குகின்றது.

அப்படியாயின் அவன் ஏன் தனியே செல்கின்றான்? பழைய நாட்களில் அவனுடன் சென்ற கூட்டாளிகள் இறந்தனர் அல்லது நோயுற்றனர். பிள்ளைகள் தொழில் தேடி நகரம் சென்றனர். ஐக்கிய அமெரிக்காவில் வேட்டையாடுவோர் தொகை 1991 இல் 1 கோடி 41 இலட்சமாக இருந்து 2016 இல் 1 கோடி 15 இலட்சமாக வீழ்ந்தமையை அந்நாட்டு அரச கணக்கெடுப்புகள் காட்டின. பலர் தனிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை, தனிமையில் விடப்பட்டனர்.

இதுவே முழு உண்மையென்று கூறின் நாமும் கொச்சைப் பொருள்முதல்வாதத்தில் வீழ்ந்தவராவோம். எமது முற்போக்கு விமர்சகர் சிலர் தனிமனித அனுபவம் என்ற சொல்லைக் கேட்டதுமே அதனைப் பூர்ஷுவா மனோபாவம் என ஒதுக்கிவிடும் வழக்கமுடையர். அது சரியன்று. நாற்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் ஒரே திருகாணியை முடுக்கியவன், முழு உழைப்பையும் தொடக்கம் முதல் இறுதிவரை தன் கையாற் செய்து முடிக்கும் ஒரே இடம் அக்காடாக இருக்கலாம். அங்கு அவன் தேடுகிறான், காத்திருக்கிறான், தீர்மானிக்கிறான், கொல்கிறான், சுமக்கிறான், உண்கிறான். மேற்பார்வையாளன் இல்லை, நேரக்கணக்கு இல்லை. இளம் மார்க்சும் எங்கெல்சும் எதிர்காலச் சமூகத்தைக் கற்பனை செய்தபோது, ஒருவன் வேட்டையையே தொழிலாகக் கொள்ளாது காலையில் வேட்டையாடக்கூடியவனாயிருப்பான் என்று எழுதினர். அந்நிலையின் ஒரு சிதைந்த துணுக்கை அம்முதியவன் ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் பெறுகின்றான். அவனது ஏக்கம் பொய்யன்று. அதற்குக் கிடைத்த வடிவமே குறைபாடுடையது.

7. எமது சூழல்

இவ்வாய்வு அமெரிக்காவோடு முடிந்துவிடுவதில்லை. எமது நாட்டில் வேடர் சமூகத்தினரின் வாழ்க்கையைச் செலிக்மன் தம்பதியினர் 1911 இல் வெளியிட்ட நூலில் விபரித்தனர். சில குடும்பங்கள் கொண்ட குழுக்கள் தத்தமக்குரிய வேட்டை நிலத்தைப் பேணி வாழ்ந்தமையை அந்நூலிற் காணலாம். மேற்கூறிய அமெரிக்கச் சட்டம் நிறைவேறிய அதே 1937 இல் இலங்கையிலும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. 1983 இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடரின் மரபுவழி வேட்டைக் காடுகள் அதனுட் சேர்ந்தன. முன்னர் மானையும் மரையையும் தேடிச் சென்ற முதியோர், தம் காட்டிலேயே அத்துமீறியோராயினர். கூப்பரின் நற்றிக்கு நேர்ந்தது கற்பனை. இவர்களுக்கு நேர்ந்தது வரலாறு. ஒரு வேறுபாடும் உண்டு. நற்றி தனியாள், மேற்கே நடந்துவிட அவனால் முடிந்தது. ஒரு சமூகம் முழுவதற்கும் அவ்வாறு நடந்து செல்ல மேற்குத் திசை இல்லை.

வனவிலங்குப் பாதுகாப்பு வேண்டாமென்பது எமது கருத்தன்று. வணிக வேட்டை காட்டை எவ்வாறு அழித்தது என்பதை மேலே கண்டோம். பாதுகாப்பின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே வினா. கிழக்கிலங்கைக் கரையோரத்தில் தமிழைப் பேசும் வேடர் வாழ்கின்றனர். அவர்களுட் காட்டுக்குச் சென்ற மூத்த தலைமுறையினர் மறைந்துகொண்டிருக்கின்றனர். தடம், காற்று, விலங்கின் நடமாட்டம் ஆகியன பற்றி அவர்கள் பயன்படுத்திய சொற்கள் எமது அகராதிகளில் எத்தனை இடம்பெற்றுள்ளன? குறிஞ்சித் திணையின் கருப்பொருளை மனனஞ் செய்யும் எமது மாணவர், அதே தொழிலின் மொழி தம் காலத்திலேயே மறைவதை அறியாதிருக்கின்றனர். தமிழாய்வாளர் உடனே மேற்கொள்ள வேண்டிய கள ஆய்வு இது.

தனித்திருத்தல் வேறு, தனித்துவிடப்படுதல் வேறு. முன்னையது மனிதனின் உரிமை. பின்னையது ஒரு சமூக அமைப்பு தன் முதியோருக்கு இழைக்கும் அநீதி. சான் மக்களிடையே முதியவரின் அம்பு இளைஞனின் வில்லில் ஏறியபோது, அம்முதியவர் விரும்பின் குடிசையில் தனியே இருக்கலாம். இறைச்சியில் அவர் பங்கு குறைவதில்லை. நவம்பர்க் காட்டில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் கிழவனுக்கு அவ்வுறுதி இல்லை. அவனிடம் சொந்தத் துவக்கு உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு, பெரிய மானொன்று நீரோடைக்கு அப்பால் நிற்கின்றது. சுமக்க ஆளில்லாமையால் அவன் துவக்கைத் தாழ்த்துகின்றான். பொருளியலாளர் தம் நூல்களின் முதற் பக்கத்தில் நிறுத்திய வேடனை, இந்த இடத்திலிருந்தே நாம் மறுபடியும் விசாரிக்க வேண்டும்.